கணக்கு யாருக்கு?

"போன மாசம் வெள்ளத்துக்குன்னு வாங்கிட்டுப் போனீங்களே தம்பி, அது என்ன ஆச்சு?"

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலே ஓர் ஆலை வாயில். பகல் வேலை முடித்தோர் வெளியே வர, இரவு வேலைக்கு உரியோர் உள்ளே நுழைய, இரு கூட்டத்துக்கும் இடையே உண்டியல் ஏந்தி நின்ற நம்மைப் பார்த்து, வயதில் மூத்த தொழிலாளத் தோழர் ஒருவர் கேட்ட கேள்வி இது. படிப்பகம் ஒன்று அமைக்க நிதி திரட்டிக் கொண்டிருந்தோம் நாம். அதற்கு முந்திய மாதம், 2024 டிசம்பர்த் தொடக்கத்திலே, பெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையிலே ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்து, சாலையோரம் நின்ற வண்டிகளையே வெள்ளம் புரட்டிச் சென்றபோது, இதே வாயிலிலே, இதே உண்டியலுடன் நின்றிருந்தோம். கொடுத்தார் அவர். கொடுத்ததை மறக்கவுமில்லை.

கோபம் வந்தது நமக்கு! ஒளிப்பானேன்? "எம்மையா ஐயுறுகின்றீர்? இரவெல்லாம் கண்விழித்து மூட்டை கட்டி, சேற்றிலே இறங்கிச் சுமந்து சென்ற எம்மையா?" என்று உள்ளம் கொதித்தது. உதட்டிலே மட்டும் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, "எல்லாம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது, அண்ணே" என்றோம். அவர் தலையசைத்தார், ஆனால் சட்டைப்பைக்குச் சென்ற கை அங்கேயே நின்றுவிட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கை நம்மை உறுத்திற்று. கோயில் தருமகர்த்தாவைப் பார்த்துக் கணக்கு எங்கே என்று கேட்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம். மடாதிபதியின் மகிழ்ச்சிக்கு மக்கள் பணமா என்று மேடையேறி முழங்கியவர்கள் நாம். நம்மைப் பார்த்து ஒருவர் அதே கேள்வியைக் கேட்டவுடனே, மடாதிபதியின் முகம் நம் கழுத்தின் மேலே வந்து உட்கார்ந்துகொண்டதே!

ஆகவே, பொதுத் தொண்டு புரியும் நிறுவனங்கள் தங்கள் கணக்கை எப்படிச் சொல்லுகின்றன, எவரிடம் சொல்லுகின்றன என்று பார்த்துவிடுவது எனத் துணிந்தோம். இந்த எல்லைப் பகுதியிலே அதற்குப் பஞ்சமா? தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி என்று எந்தத் திசை சென்றாலும் ஏதேனும் ஓர் அறக்கட்டளையின் பெயர்ப்பலகை நம்மை வரவேற்கிறது. கிடைத்த ஆண்டறிக்கைகளையெல்லாம் படித்தோம். இலக்கிய மாணவன் காவியத்தைப் படிப்பதுபோலச் சொல் சொல்லாகப் படித்தோம். அந்த இலக்கியத்தைப் பற்றிய விமரிசனமே இது.

வழவழப்பான தாள், வண்ணப் படம், படத்திலே ஒரு சிறுமி, சிறுமியின் முகத்திலே ஒரு சிரிப்பு. அட்டையைப் புரட்டினால் எண்கள் அணிவகுக்கும்: இத்தனை ஊர், இத்தனை பயிற்சி முகாம், இத்தனை ஆயிரம் பயனாளிகள். இத்தனை வாழ்வுகளைத் தொட்டோம் என்ற வரியும் தவறாமல் இருக்கும். தொட்டோம் என்கிறார்கள், தோழர்களே! தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிவைத்த நாட்டிலே, தொட்டதையே ஒரு சாதனையாக அச்சிட்டு மகிழ்வதைக் கண்டு சிரிப்பதா, அழுவதா?

இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அந்த அறிக்கைகளிலே எழுவாய் எப்போதும் கொடுத்தவர்தாம். வழங்கினோம், அமைத்தோம், உயர்த்தினோம், ஒளியேற்றினோம் என்று வினை முற்றுகள் அனைத்தும் அவருக்கே சொந்தம். ஏழை எங்கே இருக்கிறான்? நான்காம் வேற்றுமையிலே இருக்கிறான்! மக்களுக்கு, மகளிருக்கு, மாணவர்க்கு என்று 'கு' உருபைக் கையிலே பிடித்துக்கொண்டு, வாசற்படியிலே வரிசையாக நிற்கிறான். ஒரு வாக்கியத்திலேனும் அவன் எழுவாயாக வந்து, 'கேட்டான்', 'மறுத்தான்', 'போதாது என்றான்' என்று ஒரு வினையை முடித்துவைப்பதைக் காணோம். பயனாளி என்ற சொல்லே அதற்காகத்தானே வார்க்கப்பட்டது? பயன் பெறுவான், ஆனால் பேசமாட்டான்.

பேசாதவனிடம் கணக்குச் சொல்லுவார் யார்?

நம் பள்ளியிலே நடந்ததைச் சொல்லுகிறோம். நிறுவனத்தின் பெயர் வேண்டா. ஒரு வகுப்பறைக்குத் திரையும் படமெறியும் கருவியும் தந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் தந்தார்கள்; அதிலே நமக்கு ஐயமில்லை. திறப்பு விழாவிலே பிள்ளைகளின் கையிலே நன்றி அட்டைகளைக் கொடுத்துப் படம் எடுத்தனர். சில மாதங்களிலே கருவியின் விளக்கு அணைந்தது. எழுதினோம்; பதில் இல்லை. அடுத்த ஆண்டின் அறிக்கை வந்தது. அணைந்த விளக்கு அதிலே அழகாக எரிந்துகொண்டிருந்தது! எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் பயனாளிகளாக எண்ணப்பட்டிருந்தனர். அறிக்கையோ ஆங்கிலத்திலே. வீட்டிலே தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் படத்தை அதிலே பார்த்துப் பூரித்தார்களேயன்றி, படத்தின் கீழே எழுதியிருந்தது பொய் என்பதை அறியமாட்டார்கள். அந்த ஏடு அவர்களுக்காக எழுதப்பட்டதன்று.

யாருக்காக எழுதப்பட்டது? சட்டத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்திலே நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. ஆலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முதலிடம் தருக என்றும் கூறுகிறது. நல்ல சட்டம்தான். சட்டம் வருமுன்பே கொடுத்தோரும் உண்டு, டி.வி.எஸ். குழுமத்தின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996-இலேயே தொடங்கப்பட்டது. முதலாளி என்றாலே முகம் சுளிப்பவர் அல்லோம். கொடுத்ததைக் கொடுத்தார் என்று சொல்லுவதற்கு நமக்கு நாணமில்லை.

ஆனால் அந்தச் செலவின் கணக்கு எங்கே போகிறது? இயக்குநர் குழுவுக்குப் போகிறது, பங்குதாரருக்குப் போகிறது, அமைச்சகத்துக்குப் போகிறது. 2021-இலே விதிகளை இறுக்கினார்கள். ஆண்டுக்குப் பத்துக் கோடியோ அதற்கு மேலோ செலவிடும் கடமையுள்ள கம்பெனிகள், ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களின் விளைவை வெளியார் ஒருவரைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்றனர். அந்த மதிப்பீடும் இயக்குநர் குழுவின் மேசைக்கே போகிறது. வெளிநாட்டுப் பணம் பெறும் நிறுவனங்களுக்கோ வேறொரு சட்டம். 2020-இலே அதைத் திருத்தி, நிர்வாகச் செலவின் வரம்பை நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைத்தனர்; பணம் முதலிலே தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையிலேதான் வந்து இறங்க வேண்டும் என்றனர். நம் மாநிலத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டமோ 1975-ஆம் ஆண்டினது. பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யச் சொல்லுகிறது. பார்த்தீர்களா? கணக்கு மும்பைக்குப் போகிறது, தில்லிக்குப் போகிறது, பதிவாளர் அலுவலகத்து அலமாரிக்குப் போகிறது. அஞ்செட்டி மலைச் சரிவிலே இருக்கிற ஊருக்கு மட்டும் வழி தெரியவில்லை அதற்கு! எந்த ஊரின் பெயரால் செலவு எழுதப்பட்டதோ அந்த ஊரைக் கூட்டிவைத்துப் படித்துக்காட்டு என்று சொல்ல அந்தச் சட்டங்களிலே ஒரு வரி கிடையாது.

கொடுத்தவனுக்குத்தானே கணக்கு, வாங்கினவனுக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. நண்பர்களிலேயே உண்டு. அவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது சேரன்மாதேவி.

வ.வே.சு. அய்யர் 1922-இலே தொடங்கிய தமிழ்க் குருகுலம் அது. நாட்டுப்பற்றும் தமிழறிவும் ஊட்டும் கூடம் என்று கூறி நிதி திரட்டினார்கள்; பல சாதியாரும் அள்ளிக் கொடுத்தனர். தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டியும் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, ஐயாயிரத்தை முதலிலே தந்தது. அந்த நாளிலே ஆண்டறிக்கை ஒன்று அச்சிட்டிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? இத்தனை மாணவர், இத்தனை பாடம், இத்தனை வேளை உணவு என்று இருந்திருக்கும். அத்தனையும் உண்மையாகவும் இருந்திருக்கும்! தணிக்கையாளர் ஒருவர் சென்று பார்த்திருந்தால், அரிசி வாங்கிய பணத்துக்கு அரிசி இருக்கிறது என்று கையெழுத்திட்டிருப்பார். அந்த அரிசிச் சோற்றை எந்தப் பிள்ளை எந்த இடத்திலே உட்கார்ந்து உண்டான் என்பது எந்தக் கணக்கிலே வரும்? பார்ப்பனப் பிள்ளைக்கு ஒரு பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்ற செய்தியை வெளியே கொண்டுவந்தவர் கொடையாளர் அல்லர், கணக்காயரும் அல்லர். அந்தப் பந்தியிலே உட்கார்ந்து உண்ட மாணவர் வழியாகவே அது வெளிவந்தது. அதைக் கேட்டபின்னரே, கமிட்டியின் செயலாளராக இருந்த பெரியார் மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். டாக்டர் வரதராசுலு நாயுடு போராட்டத்தை நாடெங்கும் கொண்டு சென்றார். 1925-இலே காங்கிரசை விட்டே வெளியேறினார் பெரியார்.

இந்த நிகழ்ச்சியைச் சாதிக் கொடுமையின் கதையாகவே நாம் இதுவரை சொல்லிவந்திருக்கிறோம், சரிதான். ஆனால் அது ஒரு கணக்கு வழக்கின் கதையுமாகும். உண்டவன் பேசினான், கொடுத்தவனின் கண் திறந்தது. உண்டவனிடம் கேளாமல் எழுதப்படும் கணக்கு, கூட்டல் பிழை ஒன்றுகூட இல்லாமலே பொய்யாக இருக்க முடியும்.

அதே காலத்திலே இன்னொன்றும் நடந்தது. பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை, 1922-இலே இந்து அறநிலைய மசோதாவைக் கொண்டுவந்தது. 1925-இலே அது சட்டமாயிற்று. மதத்துக்கு ஆபத்து, மடத்துக்கு ஆபத்து என்று எழுந்த கூக்குரல் கொஞ்சமன்று. ஆண்டவனின் பணத்துக்கு அரசாங்கம் கணக்குக் கேட்பதா என்று ஆர்ப்பரித்தனர். கேட்கத்தான் வேண்டும் என்றனர் நம் முன்னோர். அதன் வழிவந்த ஏற்பாட்டினாலே இன்று கோயில் உண்டியல்கள் அதிகாரிகள் முன்னிலையிலே, பலர் பார்க்கத் திறக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. தொகை இவ்வளவு என்று வெளியிடப்படுகிறது. உண்டியலிலே போடுவது அறிவுடைமையா என்பது வேறு வழக்கு. அந்த வழக்கை நாம் கைவிடவில்லை! எனினும் பகுத்தறிவாளரின் தகர உண்டியலைவிடப் பக்தர்களின் செப்பு உண்டியலுக்குக் காவல் மிகுதி என்பதை ஒப்புக்கொள்ள நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெரியார் இதிலே கண்டிப்பானவர். தம்மிடம் மக்கள் தந்த காசெல்லாம் தம் குடும்பத்துக்கல்ல என்பதை வாயாலே சொல்லி நிறுத்தாமல், 1952-இலே பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் என்று பதிவுசெய்து எழுத்திலே நிறுத்தினார். கருமி என்று ஏளனம் செய்தோரும் உண்டு. பொதுப் பணத்திலே கருமியாக இருப்பவன்தான் ஒழுங்கானவன் என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

இனி, நம் மண்ணுக்கே வருவோம். வழவழப்பான அறிக்கைகளைப் படித்து அலுத்த பின்னர், வேறொரு ஏட்டை நாம் பார்த்தோம். அட்டை கிழிந்த நீளநோட்டு. ஒரு மகளிர் குழுவின் தீர்மான நோட்டு. அதிலே இருந்த நடை நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. இன்று இத்தனை பேர் கூடினோம். இத்தனை ரூபாய் சேமித்தோம். இன்னாருக்கு மாட்டுக்குக் கடன் தரத் தீர்மானித்தோம். இன்னார் தவணை தவறியதற்குக் காரணம் கேட்டோம். எழுத்துப் பிழை மலிந்த அந்த ஏட்டிலே எழுவாய் 'நாங்கள்'! நான்காம் வேற்றுமையிலே நின்றவள் முதல் வேற்றுமைக்கு ஏறி அமர்ந்துவிட்டாள்.

இந்த ஏட்டின் வரலாறு நம் மாவட்டத்தின் வரலாறு. 1989-இலே, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு மகளிர் வளர்ச்சித் திட்டத்தை அரசு முதன்முதலிலே தொடங்கியது தருமபுரி மாவட்டத்திலேதான். கிருட்டிணகிரி அன்று அதனுள்ளே அடங்கியிருந்தது. 2004-இலேதான் தனி மாவட்டமாயிற்று. அதே கிருட்டிணகிரியிலே ஐ.வி.டி.பி. என்ற நிறுவனத்தை 1979-இலே தொடங்கி நடத்திய குழந்தை பிரான்சிசுக்கு 2012-இலே மகசேசே விருது கிடைத்தது. நாட்றாம்பாளையம் என்ற மலைப்பகுதிச் சிற்றூரிலே இரவுப் பள்ளியும் முதலுதவி நிலையமுமாகத் தொடங்கியவர் அவர். பின்னர்த் தடுப்பணைகள் கட்டினார். அதன் பின்னரே மகளிர் குழுக்களுக்கு வந்தார். விருது தந்தோர் வெளியிட்ட குறிப்பின்படி அப்போது 8,231 குழுக்கள், 1,53,990 உறுப்பினர். விருதைச் சொல்லுவது நம் நோக்கமன்று. விருதுக் குறிப்பும் ஓர் அறிக்கைதானே. அதன் எண்களையும் எண்களாகவே கொள்வோம். நாம் வியப்பது வேறொன்று. ஒன்றரை இலட்சம் பெண்களின் பணம் புழங்கும் இடத்திலே நம்பிக்கை எப்படிப் பிறந்தது? யாரும் யாரையும் நம்பச் சொல்லவில்லை! பணம் வட்டத்தின் நடுவே வைக்கப்படுகிறது. எல்லார் கண்ணெதிரே எண்ணப்படுகிறது. எழுதப்பட்டது உரக்கப் படிக்கப்படுகிறது. எழுத்தறியாதவளுக்கும் காது உண்டல்லவா? தன் பெயருக்கு நேரே இருபது ரூபாய் குறைத்துப் படிக்கப்பட்டால் அவள் அங்கேயே, அப்போதே எழுந்து கேட்பாள். தணிக்கையாளரின் முத்திரையைவிட அந்தக் குரலுக்கு வலிமை மிகுதி.

எல்லாக் குழுவும் இப்படியில்லை. நோட்டைத் தன் வீட்டுப் பெட்டியிலே பூட்டிவைக்கும் தலைவியர் உண்டு. கடன் கம்பெனிக்காரர் கூட்டிய கூட்டமே குழுவென்று ஆகிவிட்ட ஊரும் உண்டு. உரக்கப் படிப்பது நின்ற ஊரிலே சண்டை தொடங்கியிருக்கிறது. அதையும் நாம் கண்டோம்.

இந்த உரக்கப் படித்தல் ஓர் ஊரின் வழக்கமாக மட்டும் நின்றுவிடவில்லை. இராசத்தானத்திலே 1994 டிசம்பரிலே, கோட் கிரானா என்ற சிற்றூரிலே, மசுதூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பினர் ஊராரைக் கூட்டி, அரசாங்க வேலையின் கூலிப் பட்டியலைப் படித்துக்காட்டினர். வேலையே செய்யாதவர் பெயரிலே கூலி. முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகச் செலவு! கேட்டவர்களே சாட்சிகளாயினர். அங்கே பிறந்த கோரிக்கைதான் வளர்ந்து 2005-இலே தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. 2019 செப்டம்பரிலே உச்சநீதிமன்றம், அரசின் பணத்தைப் பெருமளவு பெற்று நடக்கும் தனியார் தொண்டு நிறுவனங்களும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. ஆக, கேட்கும் உரிமை ஓரளவு வந்துவிட்டது. மனுப் போட்டு, முப்பது நாள் காத்திருந்து, மேல்முறையீடு செய்து பெறவேண்டிய உரிமை! ஊர் மந்தையிலே நின்று கேட்கும் உரிமை இன்னும் வரவில்லை.

நம் நாட்டின் குறை மட்டும் என்று எண்ண வேண்டா. 2010-இலே எயிட்டி நாடு நிலநடுக்கத்தால் நொறுங்கியபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய தொகை ஏறத்தாழ ஐம்பது கோடி டாலர். ஐந்தாண்டு கழித்துச் செய்தியாளர் சென்று தேடினர். அத்தனை பணத்திலே அந்தச் சங்கம் கட்டிய நிலையான வீடுகள் ஆறு என்று 2015-இலே எழுதினர். இலட்சக்கணக்கானோருக்கு இருப்பிடம் தந்தோம் என்றது சங்கம். அந்த மக்களையே சென்று கேட்டதனால் அல்லவா இந்த இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளம் தெரிந்தது?

பெரிய நிறுவனங்களைக் குறைகூறி முடித்துவிட்டால் நமக்கு எளிது. ஆலை வாயிலிலே நின்றுபோன அந்தக் கை அதற்கு விடவில்லை. நம் மன்றத்தார் ஏழு பேரும் உட்கார்ந்து வெள்ள நிதியின் கணக்கைத் தேடினோம். தேடினோம் என்ற சொல்லைக் கவனியுங்கள்! ஒரு பகுதி ஒருவரின் நாட்குறிப்பிலே; ஒரு பகுதி இன்னொருவரின் கைப்பேசியிலே; மீதிப் பணம் ஒரு தோழரின் மேசை இழுப்பறையிலே, திருமண அழைப்பிதழ் உறைக்குள்ளே. ஒருவரும் ஒரு காசும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பது எங்களுக்கு மட்டுமே தெரியும்; அதுதான் குற்றம்.

எழுதினோம். வரவு ரூ. 41,350. போர்வை ரூ. 22,400. அரிசி, பருப்பு ரூ. 11,250. வண்டி வாடகை ரூ. 4,500. மீதி ரூ. 3,200. தமிழிலே எழுதி, கீழே தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதினோம். இந்தியிலும் எழுத வேண்டும் என்றார் ஒரு தோழர். ஒரு நொடி அமைதி! இந்தித் திணிப்பை எதிர்ப்போர் அல்லவா நாம்? ஆனால் பீகாரிலிருந்து வந்து, தகரக் கொட்டகையிலே உறங்கி, பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போன தொழிலாளிக்கு அவர் மொழியிலே கணக்குச் சொல்லுவது திணிப்பாகுமா? எழுதினோம். ஊத்தங்கரைப் பக்கம் நாம் போர்வை கொடுத்த தெருவுக்கும் ஒரு படி கொண்டுபோனோம். அங்கே ஒரு மூதாட்டி, படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, போர்வை மெல்லியது, இந்தக் காசுக்கு இன்னும் நல்லதாக வாங்கியிருக்கலாம் என்றார். எந்தத் தணிக்கையாளரும் எழுதாத குறிப்பு!

மறுநாள் ஆலை வாயில் தேநீர்க் கடைச் சுவரிலே தாளை ஒட்டினோம். அதே தோழர் வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். வண்டி வாடகையிலே விரல் நின்றது.

"இதுக்கு ரசீது எங்கே தம்பி?"

வண்டிக்காரர் இரசீது தரவில்லை, நாமும் கேட்கவில்லை. சொன்னோம்.

"அப்ப அதையும் எழுதிடுங்க."

பேனாவை வாங்கி, அந்த வரியின் எதிரே எழுதினோம்: இரசீது இல்லை.